பழைய வாகனத்தின் தண்ணீர்க் குழாய்கள்: வெடிக்குமுன் மாற்றுவோம்

காணியையும் கிணற்றையும் விட்டு இடம்பெயர்ந்து வந்த விவசாயக் குடும்பத்துக்குக் கொழும்பில் பிழைப்புக்கான வழிகள் குறைவு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் தங்கிய குடும்பங்கள் சில, இருந்த நகையை விற்று ஒரு பழைய வானை வாங்கின. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியும், மரக்கறி ஏற்றியும், ஊருக்கு ஆட்களைக் கொண்டுபோய் வந்தும் அடுப்பை எரிய வைத்தன. அவர்களுக்கு அந்த வான்தான் காணி. அது நின்றால் குடும்பமே நிற்கும்.

இத்தகைய வாகனங்களின் எஞ்சின் பழுதடைவதற்கு ஒரு பெரிய காரணம் மிகச் சிறிய பொருளொன்று: தண்ணீர் ஓடும் றப்பர் குழாய். குழாயின் விலை சிறிது. அது வெடித்து, தண்ணீர் போனதை அறியாமல் ஓடினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அதைச் சரிசெய்யும் செலவு பல மாத உழைப்பை விழுங்கும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அதன் பின்னரும் வரியினால் விலை எட்டாத உயரத்திலேயே உள்ளது. ஆகவே கையில் உள்ள பழைய வாகனத்தைக் காப்பாற்றுவதே நமக்குள்ள வழி.

தண்ணீர் ஓடும் விதம்

தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்கு இது புதிதல்ல. எஞ்சினோடு உள்ள பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. எஞ்சினின் சூட்டை வாங்கிய தண்ணீர் மேல் குழாய் வழியாக றேடியேற்றருக்குப் போகிறது. அங்கே ஆறி, கீழ்க் குழாய் வழியாக மீண்டும் பம்புக்கு வருகிறது. தண்ணீர் ஏறக்குறைய 80 பாகை செல்சியஸ் சூடானதும் தேர்மோஸ்ரற் என்னும் வால்வு திறந்து இந்த வழியை விடுகிறது.

இறைக்கும் இயந்திரத்தில் உறிஞ்சும் பக்கத்துக்குக் கெட்டியான குழாயும், தள்ளும் பக்கத்துக்கு மெல்லிய குழாயும் பூட்டுவோம். உறிஞ்சும் பக்கத்தில் மெல்லிய குழாய் சப்பளிந்துவிடும். வாகனத்திலும் கீழ்க் குழாய் உறிஞ்சும் பக்கம். அதனால் சில வாகனங்களில் அதனுள்ளே கம்பிச் சுருள் இருக்கும். பழைய குழாயில் சுருள் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும்.

றேடியேற்றர் மூடி, தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. பல ஜப்பானிய மூடிகளில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பது அந்த அழுத்தமே. அதனால் 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 120 பாகை வரை கொதியாமல் நிற்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அந்தக் கணமே கொதித்து முகத்தில் பீறிடும். இந்த ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

பாவிக்காத ஹீற்றர்

ஜப்பானிலிருந்து வந்த வான்களில், குளிர்காலத்தில் உட்புறத்தைச் சூடாக்கும் ஹீற்றர் உண்டு. அதற்கு இரண்டு சிறிய குழாய்கள் போகின்றன. கொழும்பு வெக்கையில் ஹீற்றரை யாரும் போடுவதில்லை. அதனால் குழாய்களையும் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அவற்றினுள் அதே தண்ணீர் அதே அழுத்தத்தில் நிற்கிறது. பின் ஆசனத்துக்கும் ஹீற்றர் உள்ள வான்களில், தரைக்குக் கீழே செல்லும் இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து ஒழுகுவதும் உண்டு. பெரிய குழாய்களை மட்டும் மாற்றிச் சிறியவற்றை விடுவது வரம்பின் ஒரு பக்கத்தை மட்டும் கட்டுவது போன்றது.

ஹீற்றர் ஒழுகினால் சிலர் இரண்டு வாய்களையும் அடைத்துவிடுகிறார்கள். சில எஞ்சின்களில் தேர்மோஸ்ரற் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றிவருவது அந்த வழியால்தான். ஆகவே அடைப்பதிலும், இரண்டு வாய்களையும் ஒரே குழாயால் வளைத்து இணைப்பதே பாதுகாப்பு. அதையும் தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பழுதை அறிதல்

எஞ்சின் நன்கு ஆறியபின் குழாயை விரல்களால் நசுக்கிப் பாருங்கள். கிளிப்புக்கு அருகேயும் நடுவிலும் ஒப்பிடுங்கள். பழுது பெரும்பாலும் உள்ளிருந்து, கிளிப்புக்கு அண்மையில் தொடங்கும். வெளியே புதிது போலத் தெரிந்தாலும் ஏமாற வேண்டாம். நொய்ந்து கிடந்தால், மரம்போல் இறுகியிருந்தால், வெடிப்பு, வீக்கம், எண்ணெய் ஊறிய மினுக்கம் தெரிந்தால் மாற்ற வேண்டும். கிளிப்பைச் சுற்றி வெள்ளை அல்லது பச்சைப் படிவு இருந்தால் அங்கே கசிவு உண்டு. நன்றாயிருப்பது போலத் தெரிந்தாலும் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வாங்கிய பழைய வாகனத்தில் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

வாங்குதல்

கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் கிட்டவே உள்ளன. பழைய குழாயைக் கையோடு கொண்டுபோங்கள். உள்விட்டம், நீளம், வளைவு மூன்றும் பொருந்த வேண்டும். நேர்க் குழாயை வளைத்துப் பூட்டினால் மடிப்பில் தண்ணீர் தடைப்படும். கழற்றி விற்கும் பழைய குழாய் வேண்டாம். கிளிப்புகளையும் புதிதாக வாங்குங்கள்.

மாற்றும் முறை

1. எஞ்சின் முற்றாக ஆறட்டும். மேல் குழாயை நசுக்கினால் இறுக்கமாக இருந்தால் இன்னும் அழுத்தம் உண்டு. பொறுங்கள்.

2. மூடியைத் திறந்து, கீழே பேசினை வைத்துத் தண்ணீரை வடியுங்கள். கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. பிள்ளைகளும் நாய்களும் அணுகவிடாதீர்கள், கானில் ஊற்றாதீர்கள்.

3. ஒவ்வொரு குழாயாகக் கழற்றுங்கள். ஒட்டியிருந்தால் முறுக்கி இழுக்க வேண்டாம். ஹீற்றரின் வாய் மெல்லியது, உடைந்துவிடும். குழாயைக் கத்தியால் நீளவாட்டில் கீறி உரித்தெடுங்கள்.

4. வாய்களில் உள்ள துருவையும் படிவையும் சுரண்டித் துடையுங்கள்.

5. குழாய் இலகுவாக ஏறச் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். கிறீசும் எண்ணெயும் றப்பரைக் கெடுக்கும்.

6. கிளிப், வாயிலுள்ள மேடான விளிம்புக்கு உட்பக்கம் நிற்க வேண்டும். விளிம்பின்மேல் நின்றால் கழன்றுவிடும். றப்பர் வெட்டுப்படும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

7. ஹீற்றர் நெம்பைச் சூட்டுப் பக்கம் வைத்து, கூலன்டும் வடித்த நீரும் கலந்து மெதுவாக நிரப்புங்கள். அளவு போத்தலில் எழுதியிருக்கும். மூடி திறந்தபடியே எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். மேல் குழாய் சுடத் தொடங்கும்போது உள்ளிருந்த காற்று வெளியேறி மட்டம் இறங்கும். நிரப்பி மூடுங்கள். காற்று தங்கினால் தண்ணீர் இருந்தும் எஞ்சின் கொதிக்கும்.

8. ஒரு சிறு ஓட்டத்தின் பின் கசிவைப் பாருங்கள். மறுநாட் காலை, ஆறிய நிலையில், மட்டத்தையும் கிளிப்புகளையும் மறுபடி பாருங்கள்.

கிணற்றுத் தண்ணீர்

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீர் கேத்தலில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். றேடியேற்றரிலும் அவ்வாறே படிந்து அடைக்கும். உவர்த் தண்ணீர் இரும்பை அரிக்கும். அவசரத்துக்கு விட்டாலும் பின்னர் வடித்துவிட்டுச் சரியான கலவையை நிரப்புங்கள்.

வழியில் வெடித்தால்

மாலையில் காலி வீதி நெரிசலில் நின்று நின்று போகும்போதும், யாழ்ப்பாணம் வரையான ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓட்டத்திலும் நலிந்த குழாய் தன்னைக் காட்டிவிடும். ஆவி எழுந்தால் உடனே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சூட்டுமுள்ளை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீர் முற்றாகப் போனபின் முள் கீழே இறங்கிக் காட்டுவதும் உண்டு. சூடான எஞ்சினுக்குக் குளிர்நீர் ஊற்றினால் வெடிக்கக்கூடும்.

ஆறியபின், நுனியில் வெடித்திருந்து நீளம் காணுமானால் வெட்டி மீண்டும் பூட்டலாம். நடுவிலென்றால் சைக்கிள் ரியூப் துண்டை இறுகச் சுற்றி, தண்ணீர் விட்டு, அழுத்தம் ஏறாதபடி மூடியை முதற் படியில் மட்டும் வைத்து, அண்மைக் கராஜ் வரை மெதுவாகப் போகலாம். அது கராஜ் வரைக்கும் மட்டுமே. வானில் எப்போதும் ஐந்து லீற்றர் தண்ணீர், இரண்டு கிளிப், ஸ்குரூ டிரைவர், கத்தி, ரியூப் துண்டு ஆகியவை இருக்கட்டும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நம்மவர்கள் பழைய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கைத்திறன் நம்மிடம் உண்டு. வேண்டியது முற்கவனம். காணிக்குத் திரும்பி உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். விதைப்புக் காலத்தில் வயலில் நின்றுபோகாதபடி, மழைக்குமுன் அதன் குழாய்களையும் நசுக்கிப் பாருங்கள்.