பொங்கல் லீவுக்கு என்ன பிளான்? சென்னையில் நீங்களும் சேரக்கூடிய மூன்று சுற்றுச்சூழல் நிகழ்வுகள்

மார்கழி முடியப்போகுது. அடுத்தடுத்து லீவு. "பசங்களை எங்கே கூட்டிட்டுப் போகலாம்?" என்று போனில் தேடத் தொடங்கியிருப்பீர்கள். மால், சினிமா, கண்காட்சி என்ற அந்தப் பட்டியலில் இந்த வருடம் மூன்று விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய செலவு கிடையாது. உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட்போனும் கொஞ்சம் நேரமும் போதும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னையில் மக்கள் கூடிச் செய்யும் இந்த மூன்று நிகழ்வுகளிலும் எப்படிச் சேருவது, ஏன் சேர வேண்டும் என்று பார்ப்போம்.

1. புகையில்லாப் போகி

பழையன கழிதல்தான் போகி. அந்தக் காலத்தில் நெருப்பில் போட்டது கிழிந்த பாய், பழைய துடைப்பம், வைக்கோல். இன்று போடுவது டயர், பிளாஸ்டிக், ரெக்சின், பாலியஸ்டர் துணி. இவை எரிந்தால் வரும் புகையில் நச்சு வாயுக்களும் நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகள்களும் இருக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரி மாத விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அசையாமல் நிற்கும். புகை மேலே போக வழியில்லாமல் பனியோடு கலந்து தெருவிலேயே தங்கிவிடும். 2018 போகி அன்று ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது. விமானத்துக்கே இந்த நிலை என்றால், பக்கத்து வீட்டில் இன்ஹேலரோடு இருக்கும் குழந்தைக்கும், மூச்சிரைப்போடு இருக்கும் தாத்தாவுக்கும் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?
• போகிக்கு முன் சில நாட்கள் பழைய துணி, பாய், டயர் போன்றவற்றைத் தனியாகப் பெற்றுக்கொள்வதாக மாநகராட்சி அறிவிக்கும். அந்த அறிவிப்பு வந்ததும் உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள்.
• அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் வாசலில் ஒரே இடத்தில் சேர்த்து, தூய்மைப் பணியாளர் வரும் நேரத்தில் மொத்தமாகக் கொடுக்கலாம்.
• உடுத்தக்கூடிய நிலையில் உள்ள துணிகளைத் துவைத்து, மடித்து, தனிப் பையில் கொடுங்கள். குப்பையோடு கலந்துவிட்டால் அது குப்பைதான்.
• சம்பிரதாயத்துக்கு ஏதாவது எரித்தே ஆக வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், காய்ந்த வறட்டியில் ஒரு சின்னத் துண்டோடு முடித்துக்கொள்ளுங்கள்.

2. பொங்கல் பறவை கணக்கெடுப்பு

பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து நடத்துவது இது. "எனக்குக் காக்கா, மைனா தவிர ஒண்ணும் தெரியாதே" என்கிறீர்களா? பரவாயில்லை. அதுவும் கணக்குதான். காக்கையையும் புறாவையும் எண்ணினால்தான் நகரம் எப்படி மாறுகிறது என்று தெரியும்.

முறை ரொம்ப எளிது. 'ஈ-பேர்ட்' செயலியை இலவசமாகத் தரவிறக்கிக் கணக்குத் தொடங்குங்கள். மொட்டை மாடி, பூங்கா, ஏரிக்கரை என எங்கேயாவது குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் பதிவிடுங்கள். பெயர் தெரியாத பறவை என்றால் 'மெர்லின்' செயலி படத்தையோ குரலையோ வைத்து அடையாளம் காண உதவும். சந்தேகம் இருந்தால் ஊகித்துப் பதிவிட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

சென்னையில் எங்கே போவது? முதலில் பள்ளிக்கரணை. சுமார் 1,247 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. அதாவது, உலக அளவில் முக்கியமான ஈரநிலம். குளிர்காலத்தில் பூநாரை, கூழைக்கடா, நீலத்தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து எல்லாவற்றையும் இங்கே பார்க்கலாம். மழை வெள்ளத்தைத் தேக்கி வைத்து தென்சென்னையைக் காப்பதும் இந்த நிலம்தான்.

"நான் போடுற ஒரு லிஸ்டால என்ன ஆகிடப்போகுது?" நியாயமான கேள்வி. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை, சுமார் 30,000 ஆர்வலர்கள் பதிவிட்ட 3 கோடி பதிவுகள். எல்லாமே உங்களைப் போன்றவர்கள் போட்ட பட்டியல்கள்தான்.

3. ஆமை நடை

மீனவர்கள் இதைப் 'பங்குனி ஆமை' என்பார்கள். ஆலிவ் ரிட்லி என்பது நூல்களில் உள்ள பெயர். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை இரவு நேரங்களில் சென்னைக் கடற்கரையில் ஏறி, மணலில் குழி தோண்டி, ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டைகள் இடும். நாய், மனித நடமாட்டம், விளக்கு வெளிச்சம் ஆகியவற்றால் அந்த முட்டைகளுக்கு ஆபத்து. எனவே அவற்றைப் பத்திரமாக எடுத்து, வனத்துறையின் மேற்பார்வையில் உள்ள பொரிப்பகங்களில் புதைக்கிறார்கள். ஏறக்குறைய 45 முதல் 55 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும்.

சென்னை மாணவர்கள் 1988-இல் தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இந்தப் பணியைத் தொடர்ந்து செய்து வருகிறது. சீசனில் வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான நடையில் பொதுமக்களும் சேரலாம். முன்பதிவு விவரங்களை அந்த அமைப்பின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளுக்கு இரவு நடை கஷ்டம். அவர்களை மார்ச், ஏப்ரல் மாதங்களில் மாலை நேரத்தில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க அழைத்துப் போகலாம்.

ஒரு முக்கியமான விஷயம். நடைக்குப் போனால் ஆமையைப் பார்த்தே தீருவோம் என்று எதிர்பார்க்காதீர்கள். சில இரவுகளில் வெறும் மணல்தான். சில நேரம் இறந்த ஆமையைப் பார்க்க நேரிடும். 2025 ஜனவரியில் சென்னையிலும் பக்கத்து மாவட்டங்களிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து கரை ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல் உண்டு. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் செத்துப்போகும். அதனால்தான் கரையிலிருந்து 5 கடல் மைல் தூரத்துக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. குழந்தை கேட்டால் மறைக்காமல் இதைச் சொல்லுங்கள்.

நடையில் கவனிக்க வேண்டியவை:
• டார்ச், போன் வெளிச்சம், பிளாஷ் வேண்டாம். பிரகாசமான பக்கம்தான் கடல் என்று குஞ்சுகள் நம்பும். வெளிச்சம் தப்பான திசையில் இருந்தால் அவை ரோட்டுக்கு வந்துவிடும்.
• ஆமையையோ முட்டையையோ தொடக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இது.
• கடலைப் பார்த்த பால்கனி உள்ளவர்கள் சீசனில் இரவு வெளிவிளக்கை அணைத்துவிடுங்கள். நடைக்கு வராமலேயே செய்யக்கூடிய பெரிய உதவி இது.

போட்டோவுக்குப் பிறகு?

எந்த நிகழ்வுக்குப் போனாலும் தண்ணீர் பாட்டிலும் தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது. பிளாஸ்டிக் டம்ளரில் டீ கொடுத்து முடியும் சுற்றுச்சூழல் நிகழ்ச்சி யாருக்கு உதவும்? பையில் ஒரு மஞ்சப்பையை மடித்து வைத்துக்கொண்டால் வரும் வழியில் கடைக்கும் ஆச்சு.

ஏரிக்கரையோ கடற்கரையோ, ஒருநாள் சுத்தம் செய்த இடத்தில் அடுத்த வாரமே மீண்டும் குப்பை சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். மனசு விட்டுப்போகும். அங்கேதான் உங்கள் போனுக்கு வேலை. படம் எடுத்து 'நம்ம சென்னை' செயலியில் இடத்தோடு பதிவிடுங்கள், அல்லது 1913-க்கு அழையுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, சரியாகிவிட்டதா என்று திரும்பப் பாருங்கள். ஒரு நாள் கையுறை போட்டுக் குப்பை பொறுக்குவதைவிட, மூன்று மாதம் அதே இடத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பதுதான் கஷ்டமான வேலை. பலன் தருவதும் அதுதான்.

ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த ஒன்று எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஆயிரத்தையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இந்தத் தையில் அந்த வேலையில் நீங்களும் ஒரு கை கொடுங்கள்.