யமுனைக்கு அக்கரையில் ஊர்ப்பற்று

கிழக்கு தில்லியில், மயூர் விஹார் முதல் கட்டத்தில் மலையாளிகளின் உத்தர குருவாயூரப்பன் கோயில். இரண்டாம் கட்டத்தில் தமிழர்களின் சுப சித்தி விநாயகர் கோயில். நவராத்திரி வந்தால் வங்காளிகளின் துர்கா பூஜைப் பந்தல். தீபாவளி முடிந்த ஆறாம் நாள், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மறையும் சூரியனுக்கு அர்க்கியம் விடும் பிகார்ப் பெண்கள். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் கட்டிய அடுக்குமாடிகளில் குடியேறியவர்களில் மத்திய அரசு ஊழியர்களும் பத்திரிகையாளர்களும் நிறைய. வேலைக்காக நாடு முழுக்க மாற்றலாகிச் சுற்றியவர்கள், ஓய்வுபெற்றுத் தில்லியிலேயே தங்கிவிட்டவர்கள். ஊர்ப்பற்று நாட்டுப்பற்றை அரித்துவிடும் என்பது உண்மையானால், அந்த அரிப்பு முதலில் இங்கேதான் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பயம் குடியரசைவிட மூத்தது. மொழிவாரி மாநிலங்கள் வேண்டாம் என்றது 1948இன் தார் ஆணையம். நேரு, படேல், பட்டாபி சீதாராமய்யா குழுவும் தள்ளிப்போடத்தான் சொன்னது. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர்விட்ட பிறகே ஆந்திரம் பிறந்தது. 1956இல் நாட்டின் வரைபடமே மொழிவாரியாக மாறியது. நாடு உடையவில்லை. திராவிட நாடு கேட்ட திமுக 1963இல் அதைக் கைவிட்டதற்குச் சீனப் போரும் பிரிவினைத் தடைச் சட்டமும் காரணம்தான். ஆனால் சட்டம் வாயைத்தான் கட்டும். 1967இல் அதே கட்சி சென்னையில் ஆட்சியைப் பிடித்ததும், ஆங்கிலம் தொடர வழிசெய்து ஆட்சிமொழிச் சட்டம் அதே ஆண்டில் திருத்தப்பட்டதும்தான் மனக்கசப்பைக் குறைத்தன. இலங்கை 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டது. அந்தத் தீவு அதற்குக் கொடுத்த விலை தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பம்பாயில் 1966இல் தொடங்கிய சிவசேனா தென்னிந்தியர்மேல் பாய்ந்ததும் ஊர்ப்பற்றின் பெயரால்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மகாராஷ்டிரம் 1960இலேயே கிடைத்துவிட்டது. எனவே மாநிலம் கொடுத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று வாதிட முடியாது. ஆனால் அங்கே குறிவைக்கப்பட்டவை அடுத்தவரின் வேலையும் கடையும். எங்கும் குடியிருக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு தருகிறது. அதைக் காக்க வேண்டியவர்கள் கைகட்டி நின்றால் பழியை மராத்தி மொழிமேல் போடுவதில் அர்த்தமில்லை.

ஊர்ப்பற்றுதான் ஆபத்து என்ற வாதத்துக்கு நேர் எதிரான சாட்சி மயூர் விஹாரை ஒட்டியே இருக்கிறது. 1984 நவம்பர் தொடக்கத்தில் திரிலோக்புரியில் சீக்கியர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தில்லி முழுவதும் 2,733 பேர் என்பது அரசுக் கணக்கு. கொன்றவர்கள் தனி நாடு கேட்டவர்களில்லை; பிரதமர் இந்திரா காந்தியின் கொலைக்குப் பழிவாங்கக் கிளம்பியவர்கள். பஞ்சாபில் ஆயுதம் தூக்கிய பிரிவினைவாதம் அப்போது இருந்தது உண்மை. திரிலோக்புரியின் ஏழைச் சீக்கியக் குடும்பங்களுக்கு அதில் என்ன பங்கு? ஒரு சமூகத்தையே சந்தேகக் கூண்டில் ஏற்றிவிட்டால் அண்டை வீட்டுக்காரனும் அன்னியனாகிவிடுகிறான். அங்கு நடந்த கலவர வழக்கு ஒன்றில் விசாரணை நீதிமன்றம் தண்டனை விதித்தது 1996இல். மேல்முறையீட்டில் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2018இல். தேச ஒற்றுமைக்காகக் கவலைப்படுகிறவர்கள் அடுத்தவர் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று ஒட்டுக் கேட்பதை விட்டு, அந்த 22 ஆண்டு எப்படிப் போயிற்று என்று விசாரிக்கலாம்.