சென்னையில் இறங்கியதும் கைப்பேசிக் கட்டணம் ஏன் எகிறுகிறது?

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து கிளம்பி, சென்னையில் இறங்கிக் கைப்பேசியைத் திறந்ததும், சிம் அட்டை தன் அடையாள எண்ணைச் சொல்கிறது. அது 502 என்று தொடங்கும், மலேசியாவின் குறியீடு. இந்திய நிறுவனம் உடனே மலேசிய நிறுவனத்திடம் "இவர் உங்கள் வாடிக்கையாளரா?" என்று கேட்டுச் சரிபார்த்த பிறகே இணைப்புத் தருகிறது. அதன்பின் நடப்பதுதான் வியப்பு: மயிலாப்பூரில் நின்று நீங்கள் திறக்கும் பக்கம்கூடப் பெரும்பாலும் மலேசியாவுக்குப் போய், அங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. ஆனாலும் விலை ஏறுவதற்குத் தூரம் காரணமல்ல. இரு நிறுவனங்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொத்த விலையும் அதன்மேல் வைக்கும் லாபமும்தான். ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் அந்தக் கூடுதல் கட்டணத்தை 2017 ஜூன் 15-இல் நீக்கிவிட்டது. மலேசியாவும் இந்தியாவும் அப்படிச் செய்தே ஆகவேண்டும்.

அதுவரை, விமானம் ஏறும் முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். இல்லையேல் செயலிகள் உங்களுக்குத் தெரியாமலே டேட்டாவைத் தின்னும். கைப்பேசி ஏற்குமானால் டேட்டாவுக்கு இ-சிம் வாங்குங்கள். மலேசிய சிம்மைக் கழற்ற வேண்டாம். வங்கியின் குறுஞ்செய்தி அதற்குத்தான் வரும். குரலஞ்சலையும் நிறுத்துங்கள்: நீங்கள் எடுக்காத அழைப்பு மலேசியாவுக்குத் திரும்பும்போது இரண்டு முறை கட்டணம் விழக்கூடும்.