பிளாப்பியில் எழுதிய படங்கள்

பிளாப்பி டிஸ்க்கைக் கேமராவுக்குள் செருகிப் படம் எடுத்த காலம் ஒன்று இருந்தது என்றால், இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் நம்பத் தயங்குவார்கள். பிளாப்பி என்பது அவர்களுக்கு ‘சேவ்’ பொத்தானில் இருக்கும் ஒரு சின்னம், அவ்வளவுதான். சோனி 1997-ல் மேவிகா எஃப்.டி-5, எஃப்.டி-7 என்று இரண்டு கேமராக்களைக் கடைக்கு அனுப்பியது. இரண்டிலும் பக்கவாட்டில் மூன்றரை அங்குல பிளாப்பி நுழையும் வாய். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் அதிகம் விற்ற டிஜிட்டல் கேமராக்களில் மேவிகாவும் ஒன்று. படத்தின் தரத்தைப் பார்த்து யாரும் அதை வாங்கவில்லை. பின் எதற்காக வாங்கினார்கள், வாங்கியவர்கள் எதைக் கொண்டாடினார்கள், எதற்காகத் தலையில் அடித்துக்கொண்டார்கள்? ஒரு டீயில் முடிகிற கதை இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்.

மேவிகாவுக்கு முந்தைய நிலையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1994-ல் ஆப்பிள் ‘க்விக்டேக் 100’ என்ற கேமராவை விற்றது. தயாரித்துக் கொடுத்தது கோடாக். முழு அளவில், அதாவது 640-க்கு 480 புள்ளிகளில், எட்டே படங்கள் அதில் கொள்ளும். 1995-ல் கேசியோ க்யூ.வி-10 வந்தது. முதுகில் 1.8 அங்குலத் திரை. எடுத்த படத்தை அந்த நொடியே பார்க்கலாம் என்பதால் ஜப்பானில் பரபரப்பாக விற்றது. படங்கள் 96 கொள்ளும், ஆனால் ஒவ்வொன்றும் 320-க்கு 240 புள்ளிதான்.

இரண்டுக்கும் பொதுவான தொல்லை எட்டுப் படமா, தொண்ணூற்றாறு படமா என்பதல்ல. எடுத்த படம் கேமராவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். வெளியே கொண்டுவர ஒரு கேபிள் வேண்டும். அதைக் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில் சொருக வேண்டும். அந்தப் போர்ட்டில் ஏற்கெனவே மோடமோ மவுஸோ உட்கார்ந்திருக்கும். கேமராவோடு தந்த சாஃப்ட்வேரை நிறுவ வேண்டும், அது அந்தக் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போக வேண்டும். எல்லாம் கூடி வந்தாலும் சாதாரண சீரியல் போர்ட்டின் உச்ச வேகம் விநாடிக்கு 1,15,200 பிட். ஏறத்தாழ 11 கிலோபைட். ஒரு மெகாபைட் இறங்க ஒன்றரை நிமிடம், அதுவும் தடங்கல் ஏதும் இல்லாமல் போனால். அலுவலகத்தில் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் படம் இறங்கும். அந்தக் கம்ப்யூட்டர்காரர் விடுப்பில் போனால் படமும் விடுப்பில் போகும்.

மேவிகாவை வடிவமைத்தவர்கள் கை வைத்தது இந்த இடத்தில்தான். அன்றைக்கு உலகத்திலிருந்த ஏறக்குறைய எல்லாக் கம்ப்யூட்டரிலும் பிளாப்பி டிரைவ் இருந்தது. கேமராவே பிளாப்பியில் எழுதிவிட்டால் கேபிள் வேண்டாம், சாஃப்ட்வேர் வேண்டாம். எடு, உருவு, கம்ப்யூட்டரில் செருகு, திற. ஃபிளாஷ் மெமரி கார்டுகள் யானை விலை விற்ற காலத்தில் ஒரு பிளாப்பியின் விலை ஒரு டாலருக்கும் கீழே. பெட்டிக் கடை மாதிரியான இடத்தில்கூடக் கிடைக்கும்.

ஒரு பிளாப்பியில் எத்தனை படம் அடங்கும் என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம், அதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. தட்டுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 துண்டு, துண்டுக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். இதைத்தான் 1.44 எம்.பி. என்றார்கள். எஃப்.டி-7 எடுக்கும் படத்தில் 640 பெருக்கல் 480, ஆக 3,07,200 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால் 9,21,600 பைட். அப்படியே எழுதினால் ஒரு பிளாப்பிக்கு ஒரே ஒரு படம்! ஜேபெக் முறையில் சுருக்கியதால்தான் இந்தக் கேமரா கேமராவாக இருந்தது. கண்ணுக்கு அதிகம் உறைக்காத நுணுக்கங்களைக் கழித்துவிட்டு, படத்தைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே ஜேபெக் இறக்கிவிடும். தரம் கூடிய ‘ஃபைன்’ அமைப்பில் பிளாப்பிக்குப் பதினைந்து இருபது படம், ‘ஸ்டாண்டர்ட்’ அமைப்பில் முப்பது நாற்பது வரை. வெள்ளைச் சுவரை எடுத்தால் பைல் சின்னதாக இருக்கும், இலை அடர்ந்த மரத்தை எடுத்தால் பெருக்கும். அதனால் இன்னும் எத்தனை படம் மிச்சம் என்று கேமரா காட்டும் எண்ணை யாரும் முழுதாக நம்பவில்லை.

பள்ளிக்கூடங்களுக்கு இது வரப்பிரசாதம். அமெரிக்க ஆசிரியர்கள் பலர் இந்தக் கேமராவை நினைவுகூரும்போது சொல்லும் விஷயம் ஒன்று உண்டு: பள்ளிக்கு ஒரு கேமரா போதும், பிள்ளைக்கு ஒரு பிளாப்பி கொடுத்தால் ஆயிற்று. அவரவர் முறை வரும்போது தன் பிளாப்பியைச் செருகிப் படம் எடுத்து, உருவிக்கொண்டு, அடுத்த பிள்ளையிடம் கேமராவைக் கொடுத்துவிடலாம். யார் படம் யாருடையது என்ற சண்டையே கிடையாது. வீடு விற்கும் தரகர்கள் ஒரு வீட்டுக்கு ஒரு பிளாப்பி என்று வைத்தார்கள். காப்பீட்டு மதிப்பீட்டாளர்கள் நசுங்கிய காரைப் படம் எடுத்து, அந்த பிளாப்பியைக் கோரிக்கைப் படிவத்தோடு உறையில் போட்டு நீட்டினார்கள். ஈபே ஏலம் சூடுபிடித்த காலம் வேறு. பரணில் கிடந்த பொருளை விற்க நினைத்தவர்களுக்கு, பத்து நிமிடத்தில் இணையத்தில் ஏற்றக்கூடிய படம் தேவைப்பட்டது. அன்றைய மானிட்டர்கள் பலவும் 640-க்கு 480 அல்லது 800-க்கு 600. திரையை நிறைக்க மேவிகா படம் தாராளமாகப் போதும்.

உருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாப்பி ஒன்றின் அகலமே ஒன்பது சென்டிமீட்டர். அதை உள்ளே வாங்கிச் சுழற்றும் டிரைவும் கேமராவுக்குள் இருக்க வேண்டும். எனவே மேவிகா சட்டைப் பைக்குள் போகாத பெட்டி, எடை அரைக் கிலோவுக்கு மேல். முதல் மாடல்களில் கண்ணை வைத்துப் பார்க்கும் துளையே கிடையாது. பின்னாலுள்ள இரண்டரை அங்குலத் திரைதான் எல்லாம். உச்சி வெயிலில் அந்தத் திரையில் ஒன்றும் தெரியாது என்பது உரிமையாளர்களின் முதல் புகார். ஆனால் எஃப்.டி-7-ல் பத்து மடங்கு ஆப்டிகல் ஜூம் இருந்தது. வீடியோ கேமராவில் வைக்கும் சின்னஞ்சிறு சென்சாரையே இதிலும் வைத்ததால், அதற்கேற்ற சிறிய ஜூம் லென்ஸையும் வைக்க முடிந்தது. மரக்கிளையில் இருக்கும் பறவை கைக்கு எட்டியது. பேட்டரியும் சோனியின் ஹேண்டிகாம் வீடியோ கேமரா குடும்பத்துப் பேட்டரிதான். இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதைத் திரையிலேயே நிமிடக் கணக்கில் காட்டும். நான்கு பென்டார்ச் பேட்டரியைப் போட்டு, அவை எப்போது உயிரை விடும் என்று தெரியாமல் தவித்த மற்றக் கேமராக்காரர்களுக்கு அந்த எண் பெரிய பொறாமை.

இனி தலையில் அடித்துக்கொண்ட பகுதி. பொத்தானை அழுத்தியதும் உள்ளே கிர்ரென்று மோட்டார் ஓடும். பல விநாடிகள் ஓடும். பிளாப்பி நிமிடத்துக்கு 300 சுற்று. சுற்றுக்கு ஒரு தடம், அதாவது 9,216 பைட். எவ்வளவு விரட்டினாலும் விநாடிக்கு 46 கிலோபைட்டைத் தாண்டாது. போதாததற்கு, படத்தை எழுதிய பிறகு, எழுதும் ஹெட் தட்டின் ஓரத்துக்குத் திரும்பிப் போய், எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலையும் திருத்தி எழுத வேண்டும். குழந்தை சிரித்த படம் ஒன்று கிடைக்கும். அடுத்த சிரிப்புக்குக் கேமரா தயாராக இருக்காது. அந்தச் சத்தம் நிற்பதற்குள் பேட்டரியை உருவியவர்கள் படத்தோடு பட்டியலையும் இழந்தார்கள். பின்னால் வந்த மாடல்களில் வேகமாகச் சுழலும் டிரைவை வைத்தும் காத்திருப்பு குறைந்ததே தவிர ஒழியவில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று சில ஆண்டு உபயோகத்துக்குப் பிறகு தலைகாட்டும். கேமராவில் போட்டால் எல்லாப் படமும் அழகாகத் தெரியும்; அதே பிளாப்பியைக் கம்ப்யூட்டரில் போட்டால் ‘டிஸ்க் எரர்’. உரிமையாளர் கம்ப்யூட்டரைத் திட்டுவார், பிளாப்பியைத் திட்டுவார். குற்றம் பெரும்பாலும் கேமராவின் மேல்தான். கேமரா என்றால் கையிலிருந்து நழுவும், கார் டிக்கியில் குலுங்கும். எழுதும் ஹெட் மயிரிழை நகர்ந்தாலும் தடங்கள் சற்றே தள்ளி விழும். தள்ளி எழுதிய ஹெட்டே படிக்கும்போது தள்ளிப் படிப்பதால் அதற்கு எல்லாம் சரியாகத் தெரியும். டாக்டர் எழுதிய சீட்டு, அவர் கிளினிக்குக்குப் பக்கத்து மருந்துக் கடைக்காரருக்கு மட்டும் புரிகிற கதைதான். மேசைக் கம்ப்யூட்டரின் டிரைவ் ஒரே இடத்தில் கிடப்பதால் இந்த வியாதி அதற்கு அவ்வளவாக வராது.

பைல்களின் பெயரிலும் ஒரு கண்ணி இருந்தது. முதல் படம் ‘எம்விசி-001எஃப்’, அடுத்தது ‘எம்விசி-002எஃப்’ என்று போகும். கடைசி எழுத்து ஃபைன் அமைப்பைக் குறிக்கும். டாஸ் கால விதிப்படி பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது, அதில் இதற்கு மேல் எதையும் திணிக்க இடமில்லை. ஆரம்ப மாடல்களில் புது பிளாப்பியைப் போட்டதும் எண்ணிக்கை மறுபடி 001-லிருந்து தொடங்கும். ஆகவே வீட்டிலிருக்கும் ஒவ்வொரு பிளாப்பியிலும் ஒரு 001 உண்டு. இரண்டு பிளாப்பியையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது ‘பழையதை மாற்றவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்கும். படிக்காமல் சரி என்று சொன்னவர்களின் முதல் பிளாப்பிப் படங்கள் போன இடம் தெரியாது. பிறகு வந்த மாடல்களில் எண்ணைத் தொடர்ச்சியாக வைத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தார்கள்.

ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் .411 என்று முடியும் இன்னொரு பைல் உட்கார்ந்திருக்கும். எதில் திறந்தாலும் திறக்காது, வைரஸோ என்று பயந்தவர்கள் உண்டு. வைரஸ் இல்லை. கேமராவின் திரையில் ஒரே நேரத்தில் பல படங்களை வரிசையாகக் காட்ட வேண்டுமானால், ஒவ்வொரு ஜேபெக்கையும் விரித்துச் சுருக்கிக் காட்ட அன்றைய சிப்புக்குச் சக்தியில்லை. எனவே 64-க்கு 48 புள்ளியில் ஒரு குட்டிப் பிரதியைத் தனியாக எழுதி வைத்தது. ஒவ்வொன்றும் அச்சாக 4,608 பைட். வெளிச்சத்தை முழுதாகவும் நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒருமுறை மட்டும் குறிக்கும் 4:1:1 என்ற முறையில் எழுதியது. பைலின் பின்னொட்டு அங்கிருந்து வந்ததுதான்.

அச்சுப் போட்டவர்களுக்கு ஏமாற்றம். ஆறு அங்குல அகலத்துக்கு 640 புள்ளியைப் பரப்பினால் அங்குலத்துக்கு நூற்றுச் சொச்சம் புள்ளி. ஃபிலிம் ரோல் கழுவிப் பிரிண்ட் போட்ட ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மங்கல்தான். திரைக்காகப் பிறந்த படத்தைக் காகிதத்தில் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்பது என் கட்சி.

பிளாப்பியே இந்தக் கேமராவை உயர்த்தியது, பிளாப்பியே கவிழ்த்தது. 1998-ல் ஆப்பிளின் ஐமேக் பிளாப்பி டிரைவே இல்லாமல் வந்தது. அதே ஆண்டு விண்டோஸ் 98 யு.எஸ்.பி.யை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. கேபிள் தொல்லை தானாகத் தீர்ந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் புள்ளிகள் பெருகின. 1600-க்கு 1200 என்றால் முன்பிருந்ததைப் போல ஆறு மடங்கு. பிளாப்பியோ அதே 1.44 எம்.பி. நல்ல தரத்தில் நாலைந்து படம் எடுத்தவுடன் பிளாப்பி மாற்ற வேண்டியிருந்தது. சோனி சளைக்கவில்லை. 2000-ல் சி.டி-1000 என்ற மேவிகாவில் எட்டு சென்டிமீட்டர் குட்டி சி.டி.யைப் போட்டது, 156 எம்.பி. கொள்ளும். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் தட்டு என்ற பழைய யோசனையேதான். ஆனால் சி.டி.யை முடித்துவைக்கும் ‘ஃபைனலைஸ்’ வேலையைச் செய்யாமல் உருவினால் வேறு இடத்தில் திறக்காது. பழைய சுலபம் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், மெமரி கார்டுக்காரர்களும் அந்த வருடங்களில் கார்டைச் செருகி பிளாப்பி டிரைவுக்குள் தள்ளும் பிளாப்பி வடிவ அடாப்டர்களை விற்றார்கள். பிளாப்பி மேவிகாக்களில் கடைசியாக வந்தவற்றில் ஒன்றான எஃப்.டி-200 வெளிவந்தது 2002-ல்.

பழைய டிஜிட்டல் கேமராக்களைத் தேடி வாங்கும் மோகம் இப்போது இளைஞர்களிடம் இருக்கிறது. மேவிகாவும் அந்தப் பட்டியலில் உண்டு. வாங்கலாமா என்று கேட்டால், பேட்டரிக்குப் பயப்பட வேண்டாம். கல்யாண வீடியோக்காரர்கள் எல்.ஈ.டி. விளக்கின் முதுகில் மாட்டுகிறார்களே, அந்த என்.பி-எஃப் வகைதான், அதில் மெல்லிய அளவைக் கேட்டு வாங்க வேண்டும். யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவும் கிடைக்கிறது. வீட்டில் பழைய மேவிகா பிளாப்பிகள் கிடந்தால் முதலில் மூலையில் இருக்கும் தாழ்ப்பாளை நகர்த்தித் துளை தெரியும்படி திறந்து வையுங்கள், எழுத முடியாதபடி பூட்டியதாகும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கம்ப்யூட்டர் எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஒரு டிரைவில் திறக்காதது இன்னொன்றில் திறக்கலாம். எடுத்த அந்தக் கேமராவே கையில் இருந்தால் அதிலும் போட்டுப் பாருங்கள். கேமரா வாங்கப் போகிறவர்கள் ஒரு பிளாப்பியையும் அந்த யு.எஸ்.பி. டிரைவையும் கையோடு கொண்டுபோய், கடைக்காரர் எதிரிலேயே நாலு படம் எடுத்து லேப்டாப்பில் திறந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.