வெளிநாடு கிளம்பும்போது பிஎஃப் பணத்தை என்ன செய்வது?

பொன்முடி தேயிலைத் தோட்டத்தில் எட்டு ஆண்டு வேலை பார்த்த ஒருவர் ஷார்ஜாவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விசா, டிக்கெட், ஏஜென்ட் கமிஷன் என்று அலைபவருக்கு, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பிஎஃப் பணம் கடைசியில்தான் ஞாபகம் வரும். 'கிடக்கட்டும், அது பாட்டுக்கு வட்டி சேரும்' என்று விட்டுவிடுவார்கள். அது பாதிதான் சரி.

தோட்டத் தொழிலாளர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்திலேயே, இலங்கையிலிருந்து இந்தியா திரும்புவோர் சேமநிதியையும் பணிக்கொடையையும் கொண்டுவரலாம் என்று எழுதப்பட்டது. ஒரு குடும்பம் கொண்டுவரக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்றும் சேர்த்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் 1976-ல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் தொடங்கியது. அன்று இரண்டு அரசுகள் பேசி முடித்ததை இன்று போகிறவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடுப்பதா, விடுவதா?

வேலைக்காகவோ குடியேறவோ வெளிநாடு போகிறவர் பிஎஃப் தொகையை முழுதாக எடுக்கலாம். வேலையை விட்ட மற்றவர்களுக்கு உள்ள காத்திருப்பு இவருக்கு இல்லை. சேவை ஐந்து ஆண்டுக்குக் குறைவென்றால் எடுக்கும் தொகைக்கு வருமான வரி உண்டு. எடுக்காமல் வைத்தாலும் வட்டி வரும். ஆனால் நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர் 36 மாதங்களுக்குள் கேட்டு விண்ணப்பிக்காவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும், வட்டியும் நின்றுவிடும்.

பென்ஷன் பங்கின் கதை வேறு. அதற்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். நம் எட்டு ஆண்டுக்காரர் 10சி படிவம் கொடுத்துப் பணமாக வாங்கினால், அந்த எட்டு ஆண்டும் கணக்கிலிருந்து போய்விடும். பணத்துக்குப் பதில் ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைத்தால், ஊர் திரும்பி பிஎஃப் உள்ள வேலையில் இன்னும் இரண்டு ஆண்டு இருந்தாலே 58 வயதில் பென்ஷனுக்குத் தகுதி வந்துவிடும்.

மற்ற சேமிப்புகள்

என்ஆர்ஐ ஆனவர் புதிதாக பிபிஎஃப் தொடங்க முடியாது. ஏற்கெனவே உள்ளதை 15 ஆண்டு முதிர்வு வரை நடத்தலாம், அதன்பின் நீட்டிக்க முடியாது. என்பிஎஸ் கணக்கைத் தொடரலாம். ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்ஆர்இ கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை.

அங்கே என்ன கிடைக்கும்?

ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற நாடுகளோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு. இந்திய நிறுவனம் அனுப்பிவைக்கும் ஊழியர் பிஎஃப் அமைப்பான இபிஎஃப்ஓ தரும் சான்றிதழைக் காட்டினால், குறிப்பிட்ட காலம் வரை அங்கே தனியாகச் சந்தா கட்ட வேண்டியதில்லை. அமீரகத்தோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. பொதுவாக வேலை முடிந்து வரும்போது கிராஜுவிட்டி மட்டும் கையில் வரும். முதல் ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்குமேல் 30 நாள். அடிப்படைச் சம்பளம் 1,500 திர்ஹம் வாங்குபவருக்கு எட்டு ஆண்டுக்கு 5,250 கூட்டல் 4,500, ஆக 9,750 திர்ஹம். மாதப் பென்ஷன் எதுவும் கிடையாது. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டத்தான் கேரளத்தில் 2008-ல் சட்டம் போட்டுப் பிரவாசி நலநிதி கொண்டுவந்தார்கள். குறைந்தது ஐந்து ஆண்டு சந்தா கட்டிய கேரளத்தவருக்கு 60 வயதுக்குப் பிறகு அதில் ஓய்வூதியம் உண்டு.

கிளம்பும் முன்

பிஎஃப் இணையதளத்தில் பணம் கேட்டு விண்ணப்பித்தால் ஆதாரோடு இணைந்த செல்பேசிக்குத்தான் ஓடிபி வரும். ரீசார்ஜ் செய்யாமல் இந்திய சிம் செத்துப்போனால் அங்கிருந்து ஆன்லைனில் விண்ணப்பிக்க முடியாமல் போகும். யுஏஎன் எண்ணோடு இணைத்த வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா, பிஎஃப் பதிவில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா, நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று விமானம் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள். முதலாளி கையெழுத்தோ திருத்தமோ தேவைப்பட்டால், ஊரில் இருக்கும்போது ஒரு நடையில் முடிகிற காரியம் அது.