புது போன் வேணுமா, புது சிம் போதுமா?

இந்த வாரம் வேகமான டேட்டா பற்றிப் பார்ப்பம். 5ஜிக்காகப் புது போன் வாங்கலாமா?

லண்டனில் 5ஜியை முதலில் தொடங்கியது ஈஈ, 2019 மே 30-இல். ஐபோன்களில் அது 2020-இல் வந்த ஐபோன் 12-இலிருந்தே இருக்கு. அதனால் முதலில் கையில் இருக்கிற போனின் செட்டிங்ஸைப் பாருங்கோ.

வாட்ஸ்அப்பில் ஊருக்குக் கதைக்க, யூடியூப் பார்க்க நல்ல 4ஜியே தாராளம். வித்தியாசம் தெரியிறது சனம் கூடுற இடத்தில்தான். ஆகஸ்டில் ஈலிங் அம்மன் தேர் போன்ற கூட்டத்தில், சிக்னல் முழுசாகக் காட்டியும் வீடியோ போகாமல் சுத்தலாம். ஒரே டவரை அத்தனை போன்களும் பங்கு போடுறதுதான் காரணம். 5ஜிக்குக் கூடுதல் அலைவரிசை இருப்பதால் அந்த நெரிசலைக் கூடுதலாகத் தாங்கும்.

வீட்டுக்குள் சிக்னல் இல்லையா? புது போனை விட வைஃபை கோலிங் உதவும். அல்லது நெட்வொர்க்கை மாத்துங்கோ. உங்கட போஸ்ட்கோடில் எது நல்லது என்று ஆஃப்கொம் தளத்தில் பார்க்கலாம்.

இனிக் காசு. ஆங்கிலத்தில் 'இன்ஃபோ' என்று 85075-க்கு மெசேஜ் அனுப்பினால், இப்ப விலகினால் எவ்வளவு கட்டணும் என்று பதில் வரும். 'பிஏசி' என்று 65075-க்கு அனுப்பினால், நம்பரை மாத்தாமல் வேற கம்பனிக்குப் போகலாம்.

அம்மா அப்பாவின் போன்களுக்கும் இதைச் செய்யுங்கோ. போன் காசு கட்டி முடிஞ்ச பிறகும் அதே பழைய தொகை மாதாமாதம் போய்க்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் சிம் மட்டும் உள்ள பிளானே போதும்.

பாதுகாப்பு அப்டேட் நின்றிட்டுதா? அப்ப மட்டும் யோசிக்காமல் புது போன் வாங்குங்கோ.