மறந்த கனவுகளின் சுரங்கம்

மாயப் புனைகதைகளைச் சிறுவர்க்குரியவை என ஒதுக்கிவிடும் வழக்கம் எம்மிடையே இன்றும் உண்டு. ஜேர்மன் எழுத்தாளர் மிக்கேல் எண்டே 1979இல் வெளியிட்ட 'முடிவில்லாக் கதை' நாவலின் பிற்பகுதியைப் படித்தோர் அவ்வாறு கூறத் துணியார்.

தாயை இழந்த சிறுவன் பாஸ்தியான், தான் வாசிக்கும் நூலுக்குள்ளேயே புகுந்துவிடுகிறான். அங்கே அவன் விரும்புவதெல்லாம் நடக்கிறது. அழகனாகிறான், வீரனாகிறான். ஆனால் விருப்பங்கள் நிறைவேற நிறைவேற, அவனது பழைய உலகின் நினைவுகள் ஒவ்வொன்றாய் அழிகின்றன. தான் பருத்த உடலினன் என்பது மறந்தபோது அவன் வருந்தவில்லை. மறந்ததையே அவன் அறியானே! ஈற்றில் தாயும் தந்தையும் மறந்துபோகின்றனர். எஞ்சுவது பெயர் மட்டுமே. எதிர்காலத்தில் அவன் பெறுவதற்கெல்லாம் இறந்தகாலமே விலை. புதிய நாட்டில் புதிய மனிதராக விழையும் எம்மவர் இவ்விடத்தை இலகுவிற் கடந்துவிட இயலாது.

அவன் மீளும் வழி ஒரு சுரங்கத்தினூடாகச் செல்கிறது. மனிதர் கண்டு மறந்த கனவுகள் யாவும் மெல்லிய படத் தகடுகளாய் அங்கே அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. அதனைக் காக்கும் யோர் என்பவர் வெளிச்சத்திற் பார்வையற்றவர். சுரங்கத்தின் இருளிலேயே அவருக்குக் கண் தெரியும். கனவு கண்டால் பலன் கேட்டுப் பழகிய எமக்கு, கனவை நிலத்தடியில் உறைந்த காலமாகக் காட்டும் இக்கற்பனை புதிது.

இதன் பின்னே ஒரு குடும்ப வரலாறும் உண்டு எனலாம். எண்டேயின் தந்தை எட்கார் எண்டே ஓவியர். இருட்டறையிற் காத்திருந்து, மனத்திலே தோன்றும் உருவங்களைக் குறித்துக்கொள்வது அவர் வழக்கம். 1936இல் நாசி ஆட்சி அவரது ஓவியங்களைக் காட்சிப்படுத்தத் தடை விதித்தது. 1944இல் மியூனிக் நகர்மீது வீழ்ந்த குண்டுகளால் அவரது ஓவியக்கூடம் எரிந்து, படைப்புகளிற் பெரும்பகுதி அழிந்தது. 1965இல் அவர் மறைந்தார்.

பலரும் பார்த்த 1984ஆம் ஆண்டுத் திரைப்படம் நாவலின் முற்பாதியுடனேயே நின்றுவிட்டது. சுரங்கம் அதில் இல்லை. பெருங்குறைதான்.

பாஸ்தியான் நாட்கணக்கில் இருளிலே தேடுகிறான். ஒருநாள் அகப்படும் தகட்டில், வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர், கையிற் பல்வரிசை அச்சொன்றுடன் பனிக்கட்டிக்குள் உறைந்து நிற்கிறார். யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. ஏக்கம் மட்டும் பொங்குகிறது. பற்கள் செய்யும் தொழில் புரியும் அவனது தந்தைதான் அவர். நெடுங்காலம் அலைந்ததாய் எண்ணி அவன் வீடு திரும்பும்போது, வெளியுலகிற் கழிந்திருப்பது ஓர் இரவே. அவ்விரவு முழுதும் தந்தை அவனைத் தேடியிருந்தார்.